வெள்ளைத் தேநீரும் நீலகிரியின் பழைய தேயிலை மரங்களும்

தேயிலை என்றால் இடுப்பு உயரத்துக்கு மட்டமாக வெட்டிவிட்ட பச்சைப் புதர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஊட்டிக்குக் கல்விச் சுற்றுலா போனவர்களின் ஆல்பத்தில் அப்படி ஒரு படமாவது கட்டாயம் இருக்கும். ஆனால் தேயிலை உண்மையில் ஒரு மரம்! வெட்டாமல் விட்டுவிட்டால் சீன வகை பத்துப் பதினைந்து அடி வரையும், அசாம் வகை முப்பது நாற்பது அடி வரையும் வளரும். கைக்கு எட்டுகிற உயரத்திலேயே கொழுந்து கிடைக்க வேண்டும் என்பதற்காக நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, அதைக் குட்டையாகவே வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கவாத்துக்குத் தப்பி மரமாகவே நின்றுவிட்ட பழைய தேயிலைக்கு உலகச் சந்தையில் இன்று தனி மவுசு. அதிலும் வயதான மலை மரங்களின் மொட்டை மட்டும் கிள்ளிச் செய்யும் வெள்ளைத் தேநீர் என்றால் விலை எங்கோ போய்விடும். பாக்கெட்டின் மேல் மலை, மூடுபனி, சீனப் பேரரசர் என்று கதைகள் அச்சாகியிருக்கும். நம்முடைய நீலகிரியில் முதல் தேயிலைச் செடிகளை நட்டவர்கள் யார், அந்த மொட்டைக் கிள்ளும் கைகள் யாருடையவை என்பது மட்டும் எந்தப் பாக்கெட்டிலும் இருக்காது. அந்தக் கதைதான் இது.

வெள்ளைத் தேநீர் என்றால் என்ன?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பால் ஊற்றுவதால் வெள்ளைத் தேநீர் என்ற பெயர் வரவில்லை. விரியாத தேயிலை மொட்டின் மேல் பட்டுப் போல மெல்லிய வெள்ளை ரோமம் படிந்திருக்கும். உலர்ந்த பிறகு அது வெள்ளி ஊசி மாதிரி மின்னும். பெயருக்குக் காரணம் அதுதான். கோப்பையில் ஊற்றினால் வெளிர் மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும்.

கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை எல்லாமே ஒரே செடியிலிருந்து வருபவை. வித்தியாசம் செய்முறையில்தான். கறுப்புத் தேயிலைக்கு இலையை வாட்டி, நசுக்கி அல்லது உருட்டி, காற்றுப் பட்டுக் கறுக்க விட்டு, பிறகு சூட்டில் உலர்த்துவார்கள். பச்சைத் தேயிலைக்குப் பறித்ததும் ஆவியிலோ வாணலியிலோ சூடு காட்டி, கறுக்காமல் தடுத்துவிடுவார்கள். வெள்ளைத் தேநீருக்கு இந்த இரண்டும் கிடையாது. மொட்டைப் பறித்து, தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, ஒன்றிரண்டு நாள் நிதானமாக வாட விட்டு, உலர்த்தினால் முடிந்தது. தேநீர் வகைகளிலேயே மிகக் குறைந்த வேலை என்று சொல்லலாம்.

அப்படியானால் விலை ஏன் இவ்வளவு? தொழிற்சாலையில் மிச்சமாகிற வேலையெல்லாம் தோட்டத்தில் பறிப்பவர் தலையில் விழுகிறது. வழக்கமாக இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறபோது கூடை சீக்கிரம் நிறையும். மொட்டை மட்டும் கிள்ளினால் நாள் முழுக்க நின்றாலும் கூடையின் அடிதான் மறையும். ஒரு கிலோ காய்ந்த தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை மொட்டு வேண்டும். ஒரு மொட்டின் எடை எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் கணக்கு புரியும். மழை பெய்யும்போது பறிக்கக் கூடாது. கசங்கக் கூடாது. அழுத்திப் பிடித்தால்கூட ரோமம் உதிர்ந்துவிடும்.

பேரரசரின் மரங்கள்

வெள்ளைத் தேநீரைப் பற்றிய பழைய குறிப்புகளில் புகழ்பெற்றது சீனாவின் சோங் வம்சப் பேரரசர் ஹுய்சோங் எழுதியது. 1107 வாக்கில் தேநீரைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். வெள்ளைத் தேயிலை என்பது தனி வகை மரம், பாறைகளுக்கும் காடுகளுக்கும் நடுவே தானாக முளைப்பது, மனிதர்கள் முயன்று வளர்க்க முடியாதது, நாலைந்து குடும்பங்களிடம் ஒன்றிரண்டு மரங்கள் மட்டுமே உண்டு என்ற பொருளில் அதில் விவரிக்கிறார். ஆனால் அவர் குடித்ததும் இன்றைய வெள்ளைத் தேநீரும் ஒன்றல்ல. அன்று இலையை ஆவியில் வேகவைத்து அச்சில் அழுத்திக் கட்டியாக்கி, பொடித்து, நுரை வரக் கலக்கிக் குடித்தார்கள். தேநீரில் இத்தனை ஈடுபாடு கொண்ட அந்தப் பேரரசர் 1127-ல் வடக்கிலிருந்து படையெடுத்து வந்த ஜுர்சென்களிடம் சிறைப்பட்டு, 1135-ல் கைதியாகவே இறந்துபோனார்.

இன்று நாம் அறிந்த வெள்ளி ஊசித் தேநீர் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஃபூடிங் பகுதியில் உருவானது. 1796-ல் தொடங்கியது என்பது அங்கே வழங்கிவரும் மரபு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கேயே பெரிய மொட்டு விடும் ஒரு செடி வகை பரவிய பிறகுதான் ஏற்றுமதி செய்கிற அளவுக்கு வளர்ந்தது. அதே சீனாவின் தென்மேற்கு மூலையில் யுன்னான் மலைகளில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வயதான தேயிலை மரங்கள் காடாகவே நிற்கின்றன. புலாங், தாய் இன மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த ஜிங்மாய் மலையின் தேயிலைக் காடுகளை 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழைய மரம் என்ற சொல்லுக்குச் சந்தையில் கிடைத்த மதிப்பு பெரும்பாலும் யுன்னான் தந்தது.

கல்கத்தாவிலிருந்து வந்த நாற்றுகள்

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். சீனாவை மட்டுமே நம்பித் தேநீர் குடிக்க முடியாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி முடிவு செய்து, 1834-ல் ஒரு தேயிலைக் குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் செயலாளர் கார்டன் சீனாவுக்குப் போய் விதைகளை அனுப்பினார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் அவற்றிலிருந்து சுமார் 42,000 நாற்றுகள் முளைத்தன. அசாமுக்கு 20,000, இமயமலை அடிவாரத்துக்கு 20,000, தென்னிந்தியாவுக்கு வெறும் 2,000 என்று பங்கு போட்டார்கள்.

நீலகிரியில் அந்தச் செடிகள் 1835-ல் வந்து சேர்ந்த இடம் கேத்தி. அங்கே அரசாங்கத்தின் பரிசோதனைப் பண்ணை ஒன்று இருந்தது. மறுவருடமே பண்ணையை மூடிவிட்டார்கள். இடம் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் சான் சிமோன் வசம் போனது. அவருடன் தொடர்பில் இருந்த பெர்ரோட்டே என்ற தாவரவியல் அறிஞர் கேத்திக்கு வந்தபோது, தேயிலைச் செடிகள் களைகளுக்குள் பாதி புதைந்து கிடந்தன. களையை எடுத்து, வேரைச் சுற்றி மண்ணைக் கிளறிவிட்டார். சில வருடத்தில் அவை நன்றாக வளர்ந்து பூவும் காயும் விட்டன. இந்த மலையில் தேயிலை வரும் என்பதற்குக் கிடைத்த முதல் ஆதாரம் அதுதான். ஆங்கில அரசாங்கம் கைவிட்ட செடியை ஒரு பிரெஞ்சுக்காரர் காப்பாற்றியிருக்கிறார்! பின்னாளில் இவர் புதுச்சேரி தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்று, 1870-ல் அங்கேயே மறைந்தார்.

அதன் பிறகும் நீலகிரியில் தேயிலை உடனே பரவவில்லை. 1854 வாக்கில் குன்னூரில் மான் என்பவர் சீன விதைகளை வரவழைத்துத் தோட்டம் போட்டார். 1859 வாக்கில் சோலூர் பக்கம் டன்சாண்டேல் தோட்டமும், குந்தா மலையில் தாய்சோலைத் தோட்டமும் தொடங்கின. தோடர்களும் படுகர்களும் கோத்தர்களும் வாழ்ந்த புல்வெளி மலையின் முகம் மாறத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

சீனக் கைதிகள்

நீலகிரித் தேயிலையின் கதையில் பாடப் புத்தகங்களில் வராத அத்தியாயம் இது. செடி சீனாவிலிருந்து வந்தது. கொஞ்ச காலத்தில் சீனர்களும் வந்து சேர்ந்தார்கள், காலில் விலங்கோடு.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் குடியேற்றங்களில் சிறைகள் நிரம்பி வழிந்தன. அங்கே தண்டனை பெற்ற சீனர்கள் கப்பலில் சென்னை மாகாணத்துச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1860-களில் அவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரிக்கு ஏற்றினார்கள். நடுவட்டத்தில் மலேரியாவுக்கு மருந்தாகும் சின்கோனா மரங்களை அரசாங்கம் பயிரிட்டு வந்தது. காட்டை அழித்து அதை நட ஆள் வேண்டும். கைதிகள் என்றால் கூலி கொடுக்க வேண்டாம். நடுவட்டத்தில் அவர்களுக்காகவே சிறை கட்டினார்கள். 'ஜெயில் தோட்டம்' என்ற பெயர் நீலகிரியில் இன்றும் வழங்குகிறது.

தாய்சோலை போன்ற தோட்டங்களில் முதல் தேயிலையை நட்டதும் சீனக் கைதிகள்தான் என்று நீலகிரியில் பரவலாகச் சொல்வார்கள். அபினிப் போரில் பிடிபட்ட போர்க்கைதிகள் என்றும் அந்தக் கதை போகும். ஆனால் பழைய மாவட்டப் பதிவுகள் பேசுவது மலாய்ப் பக்கத்திலிருந்து வந்த தண்டனைக் கைதிகளைப் பற்றி. போர் வீரர்கள் என்றால் கதைக்குக் கொஞ்சம் கம்பீரம் வரும் என்பதால் அந்த வடிவம் பரவியிருக்கலாம்.

சீனன் என்றால் தேயிலை தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையும் அன்று இருந்தது. அசாம் கம்பெனி 1840-ஐ ஒட்டி சிங்கப்பூர், பினாங்கு பக்கமிருந்து சீனர்களைத் திரட்டி வந்தது. அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்தையே பார்த்திராதவர்கள் என்று தெரிந்ததும் வேலையை விட்டு அனுப்பியது.

நீலகிரிக் கைதிகள் சிலர் தப்பியோடினார்கள். அவர்களைத் தேடிப் போன போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டதும் உண்டு. தண்டனை முடிந்த சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தமிழ்ப் பெண்களை மணந்து குடியமர்ந்தார்கள். காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, பால் விற்றுப் பிழைத்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஆட்களின் தலையையும் மூக்கையும் அளப்பதில் பேர்போனவர். அவர் இந்தக் குடும்பங்களையும் சந்தித்து அளந்து, 1909-ல் வந்த தன் பெரிய நூலில் குறித்து வைத்தார். அவர் பார்த்த சீனத் தந்தை ஒருவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை, கிறிஸ்தவராக மாறியபோது தன் பின்னல் சடையை வெட்ட வேண்டி வந்ததுதானாம்.

கங்காணியும் கொழுந்துக் கூடையும்

கைதிகளை வைத்துப் பெரிய தோட்டத் தொழில் நடத்த முடியாது. அதற்குத் தேவைப்பட்ட ஆயிரக்கணக்கான கைகள் சமவெளியிலிருந்து வந்தன. 1876-78 பஞ்சம் தமிழ் மாவட்டங்களையும் மைசூரையும் சூறையாடியபோது, கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மலையேறினார்கள். அதே காலத்தில் அதைவிடப் பெரிய கூட்டம் கடல் தாண்டி இலங்கைக்குப் போனது. அங்கே 1867-ல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869-ல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழிய ஆரம்பித்ததும் மலையகம் முழுக்கத் தேயிலையாக மாறியது.

மொட்டுக்குப் பெரும் விலை கொடுக்கும் மோகமும் புதிதல்ல. 1891-ல் லண்டன் ஏலத்தில் இலங்கை கார்ட்மோர் தோட்டத்தின் பொன்மொட்டுத் தேயிலை ஒரு ராத்தல் 25 பவுனுக்கு மேல் போனது. பத்திரிகைகளில் பெரிய பேச்சானது. அந்த மொட்டுகளைக் கிள்ளிய பெண்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

நீலகிரித் தோட்டங்களில் அந்தக் காலத்துச் செடிகள் எல்லாமே விதையிலிருந்து முளைத்தவை. அதனால் ஒவ்வொரு தோட்டமும் சில செடிகளைக் கவாத்து செய்யாமல் விதைக்காகவே மரமாக வளர விட்டது. 1960-களுக்குப் பிறகு நல்ல தாய்ச்செடியிலிருந்து குச்சி வெட்டி நாற்று போடும் முறை பரவியதும் விதை மரங்களுக்கு வேலை இல்லாமல் போனது. பல இடங்களில் வெட்டிவிட்டார்கள். சில இடங்களில் மறந்துவிட்டார்கள். நம்மூர் மலைகளில் 'பழைய தேயிலை மரம்' என்று ஒன்று நிற்குமானால், அது பெரும்பாலும் இப்படி மறக்கப்பட்ட விதை மரமாகவோ கைவிடப்பட்ட பாத்தியாகவோ இருக்கும். யுன்னான் மாதிரி யாரும் அதைக் கும்பிட்டுக் காத்ததில்லை. விதையில் முளைத்ததால் ஒரு மரம் மாதிரி இன்னொன்று இருக்காது. மொட்டின் அளவும் மணமும் மரத்துக்கு மரம் மாறும். குச்சி நட்டு உண்டாக்கிய தோட்டத்தில் இந்த வேறுபாடு கிடைக்காது.

மொட்டின் விலை, இலையின் விலை

திருவேற்காடு கோயில் தெருவில் குடிக்கிற டீயும் இந்தச் செடியின் பிள்ளைதான். ஆனால் அது தூள் டீ. 1930-ல் அசாமில் உருவான சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கிவிடும். பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுக்கும் கடுமையான சாயம் இறங்கும். குறைந்த விலையில் எல்லோருக்கும் டீ கிடைத்தது இந்த இயந்திரத்தால்தான். நீலகிரித் தேயிலையிலும் பெரும்பகுதி இப்படித் தூளாகவே விற்கிறது.

2014-ல் டார்ஜிலிங் மகாய்பாரித் தோட்டத்தின் வெள்ளிமொட்டுத் தேயிலை கிலோ 1,850 டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தப் பக்கம் 2023-ல் நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு கிலோ பச்சைத் தேயிலைக்கு 33 ரூபாய் 50 காசு! அந்த விலைகூடக் கிடைக்காத நிலையில்தான் அவர்கள் இருந்தார்கள்.

குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கத்துத் தோட்டங்கள் சில இப்போது வெள்ளைத் தேநீரும் செய்கின்றன. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனிக் குளிரில் கொழுந்து மெதுவாக வளரும். மணம் செறிவாக இருக்கும். ஆனால் அளவு மிகக் குறைவு. வாங்குபவரும் பெரும்பாலும் வெளிநாட்டில் அல்லது பெருநகரத்தில் இருப்பவர். இலையைத் தொழிற்சாலைக்கு எடைக்குப் போடும் சிறு விவசாயிக்கு அந்தச் சந்தை எட்டுவது கஷ்டம்.

திரும்ப மரமாகும் செடிகள்

இலங்கையில் 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று! யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. அதுவே 1976-ல் டான்டீ என்ற தேயிலைத் தோட்டக் கழகமானது. கண்டியிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த அதே கைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் புதிதாகத் தேயிலை நட்டன.

டான்டீ நஷ்டத்தில் போனது. 2022-ல் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு உத்தரவிட்டது. யானைகளுக்கும் காட்டுக்கும் அது நல்லதாக இருக்கலாம். ஆனால் லயன் வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் எங்கே போவது? இந்தக் கேள்வியோடு கூடலூரில் போராட்டங்கள் நடந்தன. வேலை போனால் வீடும் போய்விடும் என்ற நிலைமை தோட்டத் தொழிலாளிக்கு 150 வருடமாக மாறவில்லை.

கவாத்து நின்ற தோட்டத்தில் தேயிலை சும்மா இருக்காது. மேலே கிளம்பும். சில வருடத்தில் ஆள் உயரத்தைத் தாண்டும். இன்னும் ஐம்பது அறுபது வருடம் கழித்து யாராவது அங்கே போய், பழைய மலை மரங்களின் மொட்டு என்று பெயர் வைத்து வெள்ளைத் தேநீர் செய்து விற்கலாம். நல்ல விலையும் கிடைக்கும்.

அன்றைய பாக்கெட்டில் ஹுய்சோங் பேரரசரின் கதையை அச்சடிப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. நடுவட்டத்துக் கைதிகள், பஞ்சத்தில் மலையேறியவர்கள், கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஆகியோரின் கதையையும் நாலு வரி சேர்த்தால்தான் அந்த மரத்தின் வயதை அவர்கள் சரியாகச் சொன்னதாக ஆகும்.